திட்டமிடல் மண்டலங்களை ஆய்வு அலகாக எடுப்பது எப்படி: உறுப்பினர் பட்டியலிலிருந்து வரைபடம் வரை

அமெரிக்க மாநிலம் ஒன்றின் தரவை வைத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு தொல்லை எப்போதும் உண்டு. மாநிலம் முழுவதையும் ஒரே எண்ணாகச் சொன்னால் எதுவும் தெரியாது. கவுண்டி கவுண்டியாக, அதாவது மாவட்டம் போன்ற உட்பிரிவுகளாகப் பிரித்தால் டெக்சாஸில் 254 வரிசை, ஜார்ஜியாவில் 159, கென்டக்கியில் 120. அவற்றில் பல கவுண்டிகளில் மக்கள்தொகை சில ஆயிரம்தான் என்பதால் விகிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏற்கெனவே போட்டு வைத்த ஒரு பிரிவு இருக்கிறது: அக்கம்பக்கத்து உள்ளாட்சிகள் சேர்ந்து திட்டம் போடும் வட்டாரத் திட்டமிடல் மண்டலம். டெக்சாஸில் 24, ஜார்ஜியாவில் 12, கென்டக்கியில் 15, வர்ஜீனியாவில் 21.

இந்த மண்டலங்களை நிலையான ஆய்வு அலகாக வைத்துக்கொண்டால் நிறைய வேலை சுலபமாகும். ஆனால் வரைபடக் கோப்பு ஒன்றை இறக்கி, தரவை அதன்மேல் ஒட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இந்த வேலையில் கோடுகளைவிட உறுப்பினர் பட்டியல்தான் முக்கியம். எந்த கவுண்டி, எந்த நகரம், எந்த மண்டலத்தில், எந்தத் தேதியில் என்ற அட்டவணை சரியாக இருந்தால் மற்றதெல்லாம் கணக்குதான். அது தவறினால் எவ்வளவு அழகான வரைபடமும் பயன்படாது.

உதாரணங்களைப் பெரும்பாலும் வர்ஜீனியாவிலிருந்தும் கனெக்டிகட்டிலிருந்தும் எடுக்கிறேன். சிக்கல்கள் எல்லாம் அந்த இரண்டு மாநிலங்களில் ஒருசேரக் கிடைக்கின்றன.

இந்த மண்டலங்கள் எங்கிருந்து வந்தன

1960-களில் கூட்டாட்சி அரசு நகரத் திட்டம், நீர், சாலை, பொருளாதார வளர்ச்சி என்று பல வகையில் உள்ளாட்சிகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு சின்ன கவுண்டியும் தனித்தனியாகத் திட்டம் போட்டால் ஒன்றோடொன்று இடிக்கும் என்பதால் வட்டார அளவில் ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1965-ல் வந்த பொதுப்பணி, பொருளாதார வளர்ச்சிச் சட்டம் வளர்ச்சி மண்டலங்களுக்கு வழி செய்தது. 1969-ல் வந்த ஏ-95 சுற்றறிக்கை, மானிய விண்ணப்பங்களை வட்டார அமைப்புகள் பார்த்துக் கருத்துச் சொல்லும் நடைமுறையைக் கொண்டுவந்தது. வர்ஜீனியா 1968-லேயே தனிச் சட்டம் போட்டு மாநிலத்தைத் திட்டமிடல் மண்டலங்களாகப் பிரித்துவிட்டது.

இந்த வரலாறு எதற்கு என்றால், இவை புள்ளிவிவரத்துக்காக வரைந்த பிரிவுகள் அல்ல என்பது அதில்தான் தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் புள்ளிவிவரத்துக்கென்றே வகுத்த நட்ஸ் (NUTS) பிரிவுகள் அப்படியல்ல. அங்கே மூன்றாம் நிலைப் பிரிவுக்கு ஒன்றரை லட்சம் முதல் 8 லட்சம் வரை, இரண்டாம் நிலைக்கு 8 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்று மக்கள்தொகை வரம்பே வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் திட்டமிடல் மண்டலங்களுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியா மண்டலத்தில் சுமார் 25 லட்சம் பேர். செசபீக் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் உள்ள அக்கோமாக்–நார்தாம்ப்டன் மண்டலத்தில் இரண்டே இரண்டு கவுண்டிகள். 2020 கணக்கெடுப்பில் 46 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. ஒரே பட்டியலில் 50 மடங்கு வித்தியாசம்! அளவில் சமமான அலகுகள் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

படி 1: உங்கள் கேள்விக்கு இந்த அலகு பொருந்துமா

மண்டல அளவில் யாராவது முடிவெடுக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். நீர்வழங்கல் திட்டம், பேரிடர்த் தணிப்புத் திட்டம், கிராமப்புறப் போக்குவரத்து, பொருளாதார வளர்ச்சி உத்தி போன்றவற்றைத் திட்டமிடல் மண்டல ஆணையங்களே தயாரிக்கின்றன. அந்த விஷயங்களுக்கு இதைவிட நல்ல அலகு கிடைக்காது. நீங்கள் கொடுக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க அங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது.

வேலைச்சந்தை, தினசரிப் பயணம் பற்றிய கேள்வி என்றால் கதை வேறு. மண்டலங்கள் மாநில எல்லையோடு நின்றுவிடும்; மனிதர்கள் நிற்க மாட்டார்கள். பிரிஸ்டல் என்ற நகரத்தைப் பாருங்கள். அதன் கடைவீதி வழியாகவே மாநில எல்லை ஓடுகிறது. ஒரு பக்கம் வர்ஜீனியாவின் மவுன்ட் ரோஜர்ஸ் மண்டலம், எதிர்ப்பக்கம் டென்னசியின் வேறொரு வளர்ச்சி மண்டலம். வர்ஜீனியா மண்டலங்களை மட்டும் எடுத்தால் பாதி ஊர் காணாமல் போய்விடும். இத்தகைய கேள்விகளுக்குப் பெருநகரப் புள்ளிவிவரப் பகுதிகளோ, பயண ஓட்டத்தை வைத்து வகுத்த பகுதிகளோதான் பொருத்தம்.

ஒரு நகரத்துக்குள்ளேயே வறுமை எங்கே குவிந்திருக்கிறது என்பது கேள்வியா? அப்படியானால் கவுண்டியைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கெடுப்பு டிராக்ட் அளவுக்கு இறங்க வேண்டும். மண்டலம் அந்த வேறுபாட்டை மொத்தமாக மூடிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. மண்டல எண்களை வைத்துத் தனிமனிதர்களைப் பற்றிப் பேசக் கூடாது. 1950-ல் சமூகவியலாளர் டபிள்யூ.எஸ். ராபின்சன் இதைக் காட்டிய விதம் இன்றும் மறக்க முடியாதது. 1930 கணக்கெடுப்பில் வெளிநாட்டில் பிறந்தவராக இருப்பதற்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள ஒட்டுறவை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு, −1 முதல் +1 வரை) தனிநபர் அளவில் கணக்கிட்டபோது +0.12 வந்தது. அதையே மாநில அளவில் போட்டால் −0.53. ஒன்பது பெரும்பிரிவுகளாகப் போட்டால் −0.62. குறியே மாறிவிட்டது, அலகு பெரிதாகப் பெரிதாகத் தவறும் பெரிதானது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் எழுத்தறிவு அதிகமுள்ள மாநிலங்களில் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம்.

படி 2: உறுப்பினர் பட்டியலை உறுதிசெய்வது

மாநில அரசோ மண்டல ஆணையங்களோ வெளியிட்ட பட்டியலை எடுங்கள். எடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவில் இதைச் செய்யும்போது முதல் விசித்திரம் எண்களில் தெரியும். மண்டலங்கள் 21. ஆனால் எண்கள் 1 முதல் 19 வரை போய், அப்புறம் 22, 23 என்று தாவும். 20, 21 கிடையாது. தென்கிழக்கு வர்ஜீனியா, பெனின்சுலா என்ற இரண்டு மண்டலங்கள் 1990-ல் இணைந்து ஹேம்ப்டன் ரோட்ஸ் ஆயின. அதற்கு 23 என்ற புது எண் கொடுத்தார்கள். இது தெரியாமல் 1 முதல் 21 வரை தானாக எண் போட்டுக்கொண்டால், கடைசி இரண்டு மண்டலங்கள் வேறு யாருடைய கோப்போடும் இணையாது. பழைய எண்களே அதில் வந்து உட்கார்ந்துவிடுவதால் 1980-களின் கோப்போடு சேர்த்தால் இன்னும் மோசம்: பிழைச் செய்தி எதுவும் வராமலே தவறான இணைப்பு நடந்துவிடும்.

பெயரை வைத்து இணைப்பதும் ஆபத்துதான். ஆணையங்கள் பெயர் மாற்றிக்கொள்கின்றன. ஒரே மண்டலத்துக்குச் சட்டப் பெயர் ஒன்று, புழங்கும் பெயர் ஒன்று என்று இருக்கும். ரிச்மண்ட் வட்டார ஆணையம் இப்போது பிளான்ஆர்விஏ என்ற பெயரில் இயங்குகிறது. ஆகவே எண்ணை வைத்து இணையுங்கள். பெயர் அட்டவணையில் படிப்பவர் கண்ணுக்காக மட்டும் இருக்கட்டும்.

படி 3: இரண்டு மண்டலங்களில் இருப்பவர்களை என்ன செய்வது

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். திட்டமிடல் மண்டலம் என்பது உள்ளாட்சிகள் உறுப்பினராகச் சேரும் அமைப்பு. ஓர் உள்ளாட்சி இரண்டு மண்டலங்களில் உறுப்பினராக இருப்பதை வர்ஜீனியா அனுமதிக்கிறது. செஸ்டர்ஃபீல்ட் கவுண்டி ரிச்மண்ட் மண்டலத்திலும் இருக்கிறது, கிரேட்டர் (Crater) மண்டலத்திலும் இருக்கிறது. பிராங்க்ளின் கவுண்டி ரோனோக் பக்கமும் உண்டு, வெஸ்ட் பீட்மாண்ட் பக்கமும் உண்டு. குளூஸ்டர், மிடில் பெனின்சுலாவிலும் ஹேம்ப்டன் ரோட்ஸிலும் இருக்கிறது. சர்ரி, சார்லஸ் சிட்டி கவுண்டிகளும் இதே வகைதான்.

செஸ்டர்ஃபீல்டின் மக்கள்தொகை 2020-ல் 3,64,548. அதைச் சேர்த்தால் கிரேட்டர் மண்டலம் சுமார் மூன்று மடங்காகிவிடும். பீட்டர்ஸ்பர்க் போன்ற பழைய தொழில் நகரங்களின் வறுமை விகிதம், செஸ்டர்ஃபீல்டின் புறநகர் வீடுகளோடு கலந்து பாதியாகத் தெரியும். எண் தவறல்ல, ஆனால் சொல்லும் கதை வேறு.

வழிகள் இரண்டு. மாநிலம் முழுவதையும் கூட்டிப் பார்க்கப் போகிறீர்கள், மண்டலங்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒரே ஒரு முதன்மை மண்டலம் வையுங்கள். எதை முதன்மை என்று எடுத்தீர்கள், ஏன் என்று எழுதி வையுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆணையத்துக்காக மட்டும் அறிக்கை தயாரிக்கிறீர்கள் என்றால் அதன் முழு உறுப்பினர் பட்டியலையும் எடுக்கலாம். ஆனால் அந்த எண்ணை மற்ற மண்டலங்களோடு கூட்டக் கூடாது. மக்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரு மண்டலங்களுக்கும் கொடுப்பது என்று மூன்றாவதாக ஒன்றையும் சிலர் செய்கிறார்கள். யாருக்கும் பயன்படாத சமரசம் அது. அதைத் தவிர்த்துவிடலாம்.

சரிபார்ப்பு எளிது. முதன்மை மண்டலம் வைத்த பிறகு 21 மண்டலங்களின் மக்கள்தொகையைக் கூட்டினால் மாநில மொத்தம் அப்படியே வர வேண்டும்: 2020-க்கு 86,31,393. ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

படி 4: இணைப்பு அட்டவணை

இப்போது ஒரு அட்டவணை செய்யுங்கள். ஒரு வரிசைக்கு ஓர் உள்ளாட்சி. கூட்டாட்சியின் ஐந்து இலக்கக் குறியீடு, உள்ளாட்சியின் பெயர், கவுண்டியா நகரமா, முதன்மை மண்டல எண், இரண்டாம் மண்டல எண் இருந்தால் அது, எந்தத் தேதியிலிருந்து செல்லும், எந்தத் தேதி வரை செல்லும். ஏழு நெடுவரிசை போதும்.

வர்ஜீனியாவுக்கு 133 வரிசை வரும்: 95 கவுண்டி, 38 தனி நகரம். இந்தத் தனி நகரங்கள் எந்த கவுண்டிக்கும் உட்பட்டவை அல்ல, கவுண்டிக்குச் சமமானவை. பாதி குழப்பம் இங்கேதான். முதல் மண்டலத்தை மட்டும் விரித்துப் பார்க்கலாம்:

51105, லீ கவுண்டி, 22,173 பேர்
51169, ஸ்காட் கவுண்டி, 21,576 பேர்
51195, வைஸ் கவுண்டி, 36,130 பேர்
51720, நார்டன் நகரம், 3,687 பேர்

மொத்தம் 83,566. மண்டலத்தின் பெயர் லெனோவிஸ்கோ. நார்டன் நகரம் வைஸ் கவுண்டிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதில் அடங்காது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறையின் வருமானத் தரவில் நார்டன் தனியாகக் கிடைக்காது. சின்ன நகரங்களைப் பக்கத்து கவுண்டியோடு சேர்த்து 51955 என்பது போன்ற தனிக் குறியீடு கொடுத்துவிடுவார்கள். உங்கள் அட்டவணையில் 51195, 51720 மட்டும் இருந்தால் வைஸும் நார்டனும் இரண்டுமே வெற்றிடமாக வரும். இந்தக் கூட்டுக் குறியீடுகளையும் தனி வரிசைகளாகச் சேர்த்து மண்டல எண் போட்டுவிடுங்கள். மண்டல அலகின் நிஜமான சௌகரியம் இதில்தான் தெரியும்: கவுண்டி அளவில் ஒப்பிடவே முடியாத இரண்டு தரவுகள், மண்டல அளவுக்கு ஏறியதும் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன.

தேதி நெடுவரிசைகள் அலங்காரத்துக்கு அல்ல. சவுத் பாஸ்டன் 1995-ல், கிளிஃப்டன் ஃபோர்ஜ் 2001-ல், பெட்ஃபோர்ட் 2013-ல் தனி நகரம் என்ற நிலையைக் கைவிட்டுச் சுற்றியுள்ள கவுண்டிக்குள் டவுனாக இணைந்தன. பெட்ஃபோர்டின் பழைய குறியீடு 51515. 2010 கோப்பில் அது இருக்கும், 2020 கோப்பில் இருக்காது. அட்டவணையில் அதற்கு ஒரு வரிசையும் முடிவுத் தேதியும் இருந்தால் பழைய தரவும் அதே மண்டலத்தில் போய் அழகாகச் சேரும்.

குறியீட்டு நெடுவரிசையை எண்ணாக வைக்காதீர்கள், எழுத்தாக வையுங்கள். கனெக்டிகட்டின் குறியீடு 09-ல் தொடங்கும். எக்செலில் திறந்த மாத்திரத்தில் முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்துவிடும். 09001 என்பது 9001 ஆகும். அப்புறம் எதுவும் இணையாது.

படி 5: தரவை அடிப்படை அலகுக்குக் கொண்டுவருவது

கவுண்டிவாரியாக வரும் தரவு என்றால் பிரச்சினையே இல்லை; அட்டவணையோடு இணைத்துக் கூட்ட வேண்டியதுதான். டிராக்ட் தரவும் அப்படியே, அதன் குறியீட்டின் முதல் ஐந்து இலக்கம்தான் கவுண்டி.

தொந்தரவு அஞ்சல் குறியீட்டுப் பகுதி, ஆற்றுப் படுகை, மின் விநியோக எல்லை போன்றவற்றில். இவை கவுண்டி எல்லையை மதிப்பதில்லை. பரப்பளவு விகிதப்படி பிரிப்பது எளிய வழி: ஒரு பகுதியின் நிலத்தில் 30 சதவீதம் ஒரு மண்டலத்தில் விழுந்தால் மக்களிலும் 30 சதவீதம் அங்கே. மக்கள் நிலம் முழுவதும் சீராகப் பரவியிருந்தால் இது சரி. மலையும் காடும் உள்ள இடத்தில் சீராகப் பரவியிருப்பார்களா? ஆகவே கணக்கெடுப்பின் மிகச் சிறிய அலகான பிளாக்குகளின் மக்கள்தொகையை எடையாக வைத்துப் பிரியுங்கள். பிளாக்குகள் கவுண்டிக்குள் முழுமையாக அடங்கும். அவற்றின் மையப்புள்ளி எந்த அஞ்சல் பகுதியில் விழுகிறது என்று பார்த்து மக்களைக் கூட்டினால் நம்பகமான விகிதம் கிடைக்கும். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் இது சில நிமிட வேலை. பயிர், காடு, வெள்ளப் பரப்பு போன்ற நிலம் சார்ந்த தரவுக்கு மட்டும் பரப்பளவு விகிதமே போதும்.

படி 6: கூட்டுவது

எண்ணிக்கைகளைக் கூட்டலாம். விகிதங்களைக் கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது. எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் வாரத்துக்கு ஒரு அறிக்கையிலாவது இந்தத் தவறு கண்ணில் படுகிறது. ஒரு பேச்சுக்கு, 36,000 பேர் உள்ள கவுண்டியில் ஒரு விகிதம் 10 சதவீதம், 3,700 பேர் உள்ள நகரத்தில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சராசரி எடுத்தால் 20. உண்மையில் 3,600-உம் 1,110-உம் சேர்ந்து 4,710 பேர். 39,700-ஆல் வகுத்தால் 11.9 சதவீதம். எப்போதும் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியாகக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வகுங்கள்.

இடைநிலை வருமானம், அதாவது குடும்பங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் வருமானம், இன்னும் சிக்கல். நான்கு கவுண்டிகளின் இடைநிலைகளை எப்படி எடையிட்டுச் சராசரி எடுத்தாலும் மண்டலத்தின் இடைநிலை வராது. சரியான வழி, அமெரிக்கச் சமூக ஆய்வின் வருமான வகுப்பு அட்டவணையை எடுப்பது. பி19001 என்ற அந்த அட்டவணையில் 16 வகுப்புகள் இருக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் உள்ள குடும்பங்களை மண்டலம் முழுவதற்கும் கூட்டுங்கள். மொத்தம் 1,000 குடும்பம், 50,000 டாலருக்குக் கீழே 430, 50,000 முதல் 60,000 வரை உள்ள வகுப்பில் 140 என்று வந்தால், 500-வது குடும்பம் அந்த வகுப்பில் 70-வது. 140-ல் 70 என்பது பாதி. ஆக இடைநிலை சுமார் 55,000 டாலர். வகுப்புக்குள் குடும்பங்கள் சீராகப் பரவியிருப்பதாக வைத்துச் செய்த மதிப்பீடுதான் இது, ஆனாலும் இடைநிலைகளின் சராசரியைவிட எவ்வளவோ மேல்.

சமூக ஆய்வு மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் ஒவ்வோர் எண்ணுக்கும் 90 சதவீத நம்பிக்கை அளவில் பிழை வரம்பு ஒன்று பக்கத்தில் இருக்கும். மண்டலத்துக்குக் கூட்டும்போது அதையும் விட்டுவிடக் கூடாது. பிழை வரம்புகளை நேரடியாகக் கூட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நான்கு உள்ளாட்சிகளின் வரம்புகள் 300, 250, 400, 90 என்றால் மண்டலத்தின் வரம்பு 566. நேரடியாகக் கூட்டினால் 1,040 வந்திருக்கும். மதிப்பீடு ஏறும் வேகத்தில் பிழை ஏறுவதில்லை என்பதால்தான் மண்டல எண்கள் கவுண்டி எண்களைவிட உறுதியாக நிற்கின்றன.

65,000-க்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள இடங்களுக்கு வழக்கமான ஓராண்டு மதிப்பீடு வெளியிடுவதில்லை. ஆகவே லெனோவிஸ்கோவின் மொத்தம் 83 ஆயிரத்தைத் தாண்டினாலும், அதன் உறுப்பினர்கள் ஒருவருக்கும் அந்த ஓராண்டு எண் கிடைக்காது. ஐந்தாண்டுத் தொகுப்பையே எல்லா மண்டலங்களுக்கும் பயன்படுத்துங்கள். வடக்கு வர்ஜீனியாவுக்கு ஓராண்டு, மற்றவற்றுக்கு ஐந்தாண்டு என்று கலக்காதீர்கள்.

படி 7: காலவரிசை, கனெக்டிகட் தரும் பாடம்

கனெக்டிகட்டில் கவுண்டி அரசுகள் 1960-லேயே ஒழிந்துவிட்டன. எட்டு கவுண்டிகள் வெறும் புள்ளிவிவரக் கோடுகளாக மட்டும் நீடித்தன. உண்மையான வட்டார வேலை ஒன்பது திட்டமிடல் மண்டலங்களில் நடந்துகொண்டிருந்தது. 2022-ல் கணக்கெடுப்புத் துறை அந்த ஒன்பதையும் கவுண்டிக்குச் சமமான அலகாக ஏற்றுக்கொண்டது. திட்டமிடல் மண்டலம் ஒன்று தேசியப் புள்ளிவிவரத்தின் நிலையான அலகானது இங்கேதான்.

தரவு வைத்திருப்பவர்களுக்கு அது தலைவலியானது. 2020 கணக்கெடுப்பு எட்டு கவுண்டிகளில் வெளிவந்தது: 09001 முதல் 09015 வரை, ஒற்றைப்படை எண்கள். 2022 சமூக ஆய்வு ஒன்பது மண்டலங்களில்: 09110 முதல் 09190 வரை, பத்துப் பத்தாக. பழைய ஃபேர்ஃபீல்ட் கவுண்டியைப் பாருங்கள். ஸ்டாம்ஃபோர்டும் டான்பரியும் மேற்கு கனெக்டிகட் மண்டலத்துக்குப் போயின. பிரிட்ஜ்போர்ட் தன் பெயரிலான மண்டலத்துக்குப் போனது. ஷெல்டன் நாகடக் பள்ளத்தாக்கு மண்டலத்துக்கு. அதே சமயம் பழைய லிட்ச்ஃபீல்ட் கவுண்டியின் நியூ மில்ஃபோர்ட் மேற்கு மண்டலத்துக்குள் வந்தது. கவுண்டியிலிருந்து மண்டலத்துக்கு நேரான பாதை இல்லை.

தீர்வு ஒரு படி கீழே இறங்குவது. மாநிலத்தின் 169 டவுன்களும் முழுசாகவே ஏதாவது ஒரு மண்டலத்தில் அடங்குகின்றன. பழைய தரவை டவுன் அளவில் எடுத்து, இன்றைய மண்டலத்துக்குக் கூட்டுங்கள். 2010, 2020, 2022 மூன்றும் ஒரே எல்லையில் வந்துவிடும். டவுன் அளவில் கிடைக்காத தரவு என்றால் மக்கள்தொகையை எடையாக வைத்துப் பிரிக்கலாம். ஆனால் அந்த எண்களை மதிப்பீடு என்று தெளிவாகக் குறியுங்கள்.

பொது விதி: ஒரு தேதியின் எல்லையைத் தேர்ந்தெடுத்து எல்லா ஆண்டுகளையும் அதற்குள் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் இன்றைய எல்லையே நல்லது. படிப்பவர்களுக்குத் தெரிந்தது அதுதான். அன்றைய ஆணையம் தன் வட்டாரத்தில் என்ன சாதித்தது என்று பார்ப்பது நோக்கமானால் மட்டும் அன்றைய எல்லை.

படி 8: முடிவு எல்லையைப் பொறுத்து மாறுகிறதா என்று சோதிப்பது

1979-ல் புவியியலாளர்கள் ஓப்பன்ஷாவும் டெய்லரும் அயோவா மாநிலத்தின் 99 கவுண்டிகளை எடுத்து ஒரு சோதனை செய்தார்கள். முதியோர் சதவீதத்துக்கும் குடியரசுக் கட்சி வாக்கு சதவீதத்துக்கும் கவுண்டி அளவில் ஒட்டுறவு சுமார் 0.35. அதே கவுண்டிகளைப் பல்வேறு விதமாகச் சில மண்டலங்களாகச் சேர்த்துப் பார்த்தபோது, வலுவான எதிர்மறையிலிருந்து வலுவான நேர்மறை வரை கிட்டத்தட்ட என்ன விடை வேண்டுமானாலும் கிடைத்தது. தரவு ஒன்றுதான்; கோடுகள் மட்டும் மாறின.

அதற்காக மண்டலங்களையே தூக்கிப் போட வேண்டாம். மூன்று காரியம் செய்தால் போதும். முதலாவது, அதே கணக்கைக் கவுண்டி அளவிலும் போட்டு, முடிவின் திசை மாறுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, மண்டலத்துக்குள் உள்ள வீச்சைச் சேர்த்துச் சொல்லுங்கள்: மண்டல விகிதம் இவ்வளவு, உறுப்பினர்களில் மிகக் குறைந்தது இவ்வளவு, மிக அதிகம் இவ்வளவு. வடக்கு வர்ஜீனியாவுக்கு இது கட்டாயம். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி ஒன்றிலேயே 11.5 லட்சம் பேர் இருப்பதால் மனாசஸ் பார்க் போன்ற சின்ன நகரம் என்ன ஆனாலும் மண்டல எண்ணில் தெரியாது. மூன்றாவது, இரட்டை உறுப்பினர்களை மறுபக்கம் மாற்றி வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். செஸ்டர்ஃபீல்டை நகர்த்தியதும் வரிசை மாறினால் அந்த வரிசையைப் பெரிதாகப் பேசாதீர்கள்.

21 அலகுகளை வைத்துப் பல மாறிகளோடு பின்னடைவு ஆய்வு (regression) செய்ய ஆசைப்படுபவர்களும் உண்டு. 21 புள்ளிகளில் இரண்டு மாறிக்கு மேல் போட்டால் கிடைப்பது தற்செயல்தான். மண்டலங்கள் விவரிக்கவும் ஒப்பிடவும் நல்லவை. காரணம் தேட கவுண்டிக்கோ டிராக்ட்டுக்கோ போய், மண்டலத்தைக் குழு அடையாளமாக மட்டும் வையுங்கள்.

படி 9: வரைபடம்

எல்லைக் கோப்பைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. கவுண்டி எல்லைக் கோப்போடு உங்கள் அட்டவணையை இணைத்து, ஒரே மண்டல எண் உள்ளவற்றுக்கு நடுவில் உள்ள எல்லைகளைக் கரைத்துவிட்டால் மண்டல வரைபடம் தயார். அட்டவணையில் திருத்தம் வந்தால் வரைபடமும் தானாகத் திருந்தும்.

எந்தக் கவுண்டிக் கோப்பு என்பதில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். கணக்கெடுப்புத் துறையின் டைகர் கோப்பில் சட்ட எல்லை நீருக்குள்ளும் போகும். வரைபடத்துக்கென்று வெளியிடும் கோப்பு கரையோரமாக வெட்டப்பட்டது. பார்வைக்கு இரண்டாவதுதான் நன்றாக இருக்கும். ஆனால் எந்த மண்டலம் எதன் அண்டை என்று கணக்கிடப் போகிறீர்கள் என்றால் விடையே மாறிவிடும். வெட்டிய கோப்பில் அக்கோமாக்–நார்தாம்ப்டனுக்கு வர்ஜீனியாவுக்குள் ஓர் அண்டைகூடக் கிடையாது, தனித்தீவாக நிற்கும். டைகர் கோப்பில் விரிகுடா நடுவில் எல்லைகள் ஒட்டிக்கொள்வதால் பல அண்டைகள் முளைக்கும். உண்மையில் மாநிலத்தின் மற்ற பகுதியோடு நேரடிச் சாலை வழித் தொடர்பு ஒன்றே ஒன்று: 1964-ல் திறந்த பாலமும் சுரங்கப் பாதையும், ஹேம்ப்டன் ரோட்ஸ் பக்கம். அந்த ஒரு இணைப்பைக் கையால் சேர்ப்பதே நியாயம். அடர்த்தி கணக்கிடும்போதும் இதே கவனம் வேண்டும். மொத்தப் பரப்பை எடுக்காமல் நிலப்பரப்பு நெடுவரிசையை எடுங்கள்.

நிறம் தீட்டும்போது எண்ணிக்கைக்கு நிறம் வேண்டாம், விகிதங்களுக்கு மட்டும். எண்ணிக்கையைக் காட்டத்தான் வேண்டும் என்றால் வட்டங்கள் போடுங்கள். ஐந்து வகுப்புக்கு மேல் பிரிக்காதீர்கள், 21 மண்டலத்துக்கு அதுவே அதிகம்.

வரைபடத்துக்குக் கீழே நான்கு வரி எழுதுங்கள்: எந்தத் தேதியின் உறுப்பினர் பட்டியல், இரட்டை உறுப்பினர்களை எங்கே வைத்தீர்கள், தரவு எந்த ஆண்டுகளுடையது, பிழை வரம்பு எந்த நம்பிக்கை அளவில். இணைப்பு அட்டவணையையும் கூடவே கொடுத்துவிடுங்கள். அடுத்து அந்த எண்களைச் சரிபார்க்க வருபவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.